மாத்திரைக்கு முன்னால் ஒரு ரத்தச் சோதனை



சிங்கப்பூரில் ஜாலான் புசார் என்று ஒரு சாலை உண்டு. மலாய் மொழியில் ‘பெரிய சாலை’ என்று பொருள். சிராங்கூன் ரோட்டுக்கு அடுத்தாற்போல் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அந்தப் பக்கம் போனால் காலெடுத்து வைக்க இடம் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். அவர்களுக்கு நடுவில், ஜொகூர் தோட்டங்களில் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்து, பாலம் தாண்டி வேலைக்குப் போன நம் பிள்ளைகளையும் பார்க்கலாம்.

அங்கே ஒரு காப்பிக் கடையில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம். குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா குலை வெட்டியவர். அம்மா இன்றைக்கும் உதிரிப் பழம் பொறுக்கப் போகிறார். தம்பிக்குச் சிங்கப்பூரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. இந்த வருஷத்தில் இரண்டு தடவை வலிப்பு வந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் காட்டினார். டாக்டர் ரத்தம் எடுத்தார். “இதன் முடிவு வந்த பிறகுதான் உங்களுக்கு எந்த மாத்திரை என்று தீர்மானிப்போம். அதுவரைக்கும் இதைச் சாப்பிடுங்கள்” என்று வேறொரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தம்பிக்குக் கோபம். “அண்ணே, வலிப்பு வர்றது மண்டையில. ரத்தத்துல என்னத்தப் பாக்கறாங்க? காசு புடுங்கற வேலையா, இல்ல வெளிநாட்டுக்காரன்தானேன்னு என்னை வச்சுச் சோதனை பண்றாங்களா?” என்று கேட்டார்.

ஊரிலிருந்து அம்மா போன் போட்டார். அவருக்கு வேறு கவலை. “ஏன்டா, உன் மாமா அதே மாத்திரையத்தான் முகவலிக்கு அஞ்சு வருசமாப் போடறாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலியே. உனக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேங்கறாங்க?”

தோழர்களே, இரண்டும் நியாயமான கேள்விகள். நம் தோட்டத்தில் யாருக்கும் இதே கேள்வி வரலாம். ஆகவே இந்த இதழில் அதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எந்த மாத்திரை? என்ன ஆபத்து?

அந்த மாத்திரையின் பெயர் கார்பமாஸெபின். ‘டெக்ரிடால்’ என்ற வியாபாரப் பெயரிலும் கிடைக்கிறது. காக்காய் வலிப்புக்கு நல்ல மருந்து. முகத்தில் ஒரு பக்கமாக மின்சாரம் பாய்வதுபோல் வெட்டி இழுக்கும் நரம்பு வலிக்கும் இதைத்தான் கொடுப்பார்கள். சிலவிதமான மனநோய்க்கும் கொடுப்பது உண்டு. விலை குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பல லட்சம் பேர் இதைச் சாப்பிட்டு, வலிப்பு இல்லாமல் வேலை வெட்டி பார்த்து வாழ்கிறார்கள். ஆகவே இதை விஷம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் மிகச் சிலருக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகும்போது அது சாதாரண அரிப்பு, தடிப்போடு நிற்பதில்லை. முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் சிவந்து எரிச்சல். ‘சளி பிடிச்சிருக்கு’ என்று நினைப்போம். பிறகு வாயிலும் உதட்டிலும் புண். உடம்பில் கருஞ்சிவப்புத் திட்டுக்கள். அதன்பின் கொப்புளம். கடைசியில் தீக்காயம் பட்டவரைப்போலத் தோல் உரிந்து வரும். இதற்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்று பெயர். 1922-ல் இதைப் பற்றி முதலில் எழுதிய இரண்டு அமெரிக்க டாக்டர்களின் பெயர் அது. தோல் பெருமளவு உரிந்துபோகும் கடுமையான நிலைக்கு வந்துவிட்டால், பத்துப் பேரில் மூன்று பேர்வரை உயிரிழக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் சிலருக்குக் கண்பார்வை கெட்டுவிடுகிறது.

இது பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவின் கதைக்கு வரும்போது இது தேவைப்படும்.

ரத்தத்தில் என்ன பார்க்கிறார்கள்?

நம் தோட்டத்து வாசலில் ஜாகா நிற்கிறார் அல்லவா? உள்ளே வருகிறவர் தோட்டத்து ஆளா, வெளியாளா என்று அடையாளம் பார்த்து விடுகிறார். நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அந்த ஜாகாவைப் போன்றவை. உடம்பின் அநேகமாக ஒவ்வொரு அணுவும் தன் மேல்புறத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘நான் இந்த வீட்டு ஆள்’ என்று காட்டத்தான் அந்த அட்டை. அதற்கு எச்.எல்.ஏ. என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த அட்டை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி வருகிறது. அதில் ஆயிரக்கணக்கான தினுசுகள். அவற்றில் ஒரு தினுசுக்கு ‘எச்.எல்.ஏ.-பி 1502’ என்று பெயர். நாம் சுருக்கமாக ‘1502 குறி’ என்று சொல்லிக்கொள்வோம். இந்தக் குறி உள்ளவருக்கு வேறு எந்தக் குறையும் இல்லை. அது நோய் அல்ல. ஆனால் கார்பமாஸெபின் உடம்புக்குள் போனதும், அந்த மருந்து இந்த 1502 அட்டையில் போய் ஒட்டிக்கொள்கிறது. அட்டை உருமாறித் தெரிகிறது. ஜாகா குழம்பிப்போய், சொந்த வீட்டுத் தோலையே எதிரி என்று எண்ணித் தாக்க ஆரம்பித்துவிடுகிறார். தம்பியின் ரத்தத்தில் டாக்டர்கள் தேடியது இந்த ஒரு குறியைத்தான்.

மருந்துக்கு முன்னால் ரத்தம் பார்ப்பது ஜாலான் புசார் பக்கத்துக்குப் புதிதல்ல. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி இருந்தது. இன்று அருகிலேயே புதுக் கட்டடத்தில் கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையாக நடக்கிறது. ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாகப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி அது. 1966 ஒரே வருஷத்தில் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்தன. அந்தக் காலத்தில் மஞ்சள் காமாலை மூளைக்கு ஏறிப் பச்சைக் குழந்தைகள் சாவது சிங்கப்பூரில் பெரிய துயரமாக இருந்தது. ஜி6பிடி என்ற சத்து ரத்தத்தில் குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சில மருந்துகளும், துணிப் பெட்டியில் போடும் அந்துருண்டையும்கூட ஆபத்து என்று தெரிய வந்தது. 1965 முதல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். குறை உள்ள குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சாவுகள் அடங்கின. ‘பிள்ளைக்கு அந்துருண்டை ஆகாது’ என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதை நம் தாய்மார்கள் பலர் கேட்டிருப்பார்கள். இன்று தம்பிக்கு நடந்ததும் அதே வழி வந்த வேலைதான்.

கிராணியின் செக்ரோலும் கம்ப்யூட்டரும்

இந்த 1502 குறியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

தோட்டத்தில் கிராணி செக்ரோல் எழுதுகிறார். யார் வேலைக்கு வந்தார், எந்த நிரை, எத்தனை கிலோ என்று தினமும் எழுதுகிறார். ஒரு நாள் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வருஷத்துச் செக்ரோலைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், ‘இந்த நிரையில் மட்டும் பால் குறைகிறதே’ என்று பளிச்சென்று தெரிந்துவிடும். அது போலத்தான் இதுவும்.

மனித உடம்பின் அநேகமாக ஒவ்வொரு அணுவிலும் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் கொண்ட ஓர் ஏடு இருக்கிறது. நான்கே எழுத்துக்கள், மாறி மாறி எழுதியது. 2003-ல் உலக விஞ்ஞானிகள் கூடி அந்த ஏட்டை ஏறக்குறைய முழுமையாகப் படித்து முடித்தார்கள். எச்.எல்.ஏ. அட்டைகளின் தினுசுகளுக்கு மட்டும் 1998 முதல் உலகத்துக்கே பொதுவான ஒரு கம்ப்யூட்டர் பதிவேடு இருக்கிறது. அதில் இன்று 40,000-க்கு மேற்பட்ட தினுசுகள் ஏறியுள்ளன. மனிதன் கையால் எழுதிப் பார்த்துக் கணக்குப் போட முடியுமா? முடியாது. இப்படி உடம்பின் எழுத்துக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒப்பிட்டு, கணக்குப் பார்க்கும் படிப்புக்கு உயிர்த் தகவலியல் என்று பெயர். அந்தக் கணக்கில் கண்டதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் வைத்தியத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அதன் அடுத்த படி.

2004-ல் தைவான் நாட்டு டாக்டர்கள் அப்படி ஒரு கணக்குப் பார்த்தார்கள். கார்பமாஸெபின் சாப்பிட்டு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் வந்த 44 பேர். அதே மாத்திரையைச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத 101 பேர். இரண்டு கூட்டத்தின் அட்டைகளையும் ஒப்பிட்டார்கள். நோய் வந்த 44 பேரில் 44 பேருக்கும் 1502 குறி இருந்தது! ஒன்றும் ஆகாத 101 பேரில் 3 பேருக்கு மட்டும் இருந்தது. வைத்திய உலகம் அசந்துபோயிற்று. 2007-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம், ஆசிய வம்சத்தவருக்கு இந்த மருந்தைத் தொடங்குமுன் சோதனை செய்யும்படி எச்சரிக்கை வெளியிட்டது.

ஒன்றை இங்கே கவனியுங்கள். ஒன்றும் ஆகாத அந்த மூன்று பேருக்கும் குறி இருந்தது. அதாவது குறி இருக்கிற எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. அவர்களில் சிலருக்குத்தான் வரும். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், குறி இருந்தால் அந்த மருந்தையே தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

பிறகு தைவானிலேயே 23 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதித்துப் பார்த்தன. முடிவு 2011-ல் வெளிவந்தது. மருந்து தேவைப்பட்ட 4,877 பேருக்கு முதலில் ரத்தம் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் குறி இருந்தது. அவர்களுக்கு வேறு மருந்து. மற்றவர்களுக்குக் கார்பமாஸெபின். பழைய கணக்குப்படி பார்த்தால் சுமார் பத்துப் பேருக்காவது அந்தக் கொடிய நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்குக்கூட வரவில்லை.

நம் ஆட்கள் கணக்கில் வந்தது எப்படி?

‘அதெல்லாம் சீனர்களுக்கு. நமக்கு என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் விஷயமே இருக்கிறது.

2009-ல் குஜராத்தில் இந்த நோய் வந்த 8 பேரைச் சோதித்தார்கள். அவர்களில் 6 பேருக்கு அதே 1502 குறி இருந்தது. 2014-ல் மலாயாப் பல்கலைக்கழக டாக்டர்கள், மலேசிய இந்திய நோயாளிகளின் விவரங்களையும் மற்ற ஆராய்ச்சிகளின் விவரங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்தியர்களிடமும் அந்தக் குறிக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதை எழுதினார்கள். ஆகவே ஆபத்து நமக்கும் உண்டு. மலாய்க்காரர், சீனர் ஆகியோரைவிட நம்மிடம் அந்தக் குறி குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை.

குறைவு என்ற இந்த ஒரு வார்த்தையால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2012-ல் சிங்கப்பூரில் ஒரு செலவுக் கணக்குப் போட்டார்கள். புதிதாக வலிப்பு கண்ட பெரியவர்களுக்கு எல்லாம் இந்தச் சோதனை செய்தால் பணம் கட்டுப்படியாகுமா என்பது கேள்வி. சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் கட்டுப்படியாகும், இந்தியர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்கு முடிந்தது. கணக்கில் தப்பு இல்லை. நூறு இந்தியருக்குச் சோதனை செய்தால் குறி கிடைப்பது சிலருக்கே. ஆகவே ஓர் உயிரைக் காக்கும் செலவு கூடுகிறது. பென்சிலும் காகிதமும் அப்படித்தான் சொல்லும்.

ஆனால் அந்தச் சிலரில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? தோல் உரிந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘உன் இனத்தில் இது அபூர்வம், கட்டுப்படியாகாது’ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

2013 ஏப்ரலில் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் டாக்டர்களுக்கு ஓர் அறிவிப்புக் கொடுத்தன. கார்பமாஸெபினைப் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சத்தவர் யாராக இருந்தாலும், முதலில் 1502 சோதனை செய்வதே முறையான வைத்தியம் என்று அதில் சொன்னார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பிரிக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சோதனைக்கு மானியமும் ஏற்பாடு செய்தார்கள். நல்ல தீர்மானம் என்பது என் அபிப்பிராயம். ஆளின் முகத்தைப் பார்த்தோ பெயரைக் கேட்டோ உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று சொல்ல முடியாது. நம் குடும்பங்களிலேயே மலாய், சீனக் கலப்பு எத்தனை இருக்கிறது!

பலன் என்ன? 2020-ல் வெளியான ஆராய்ச்சிப்படி, இந்த மருந்தால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் பற்றிய புகார்கள் சிங்கப்பூரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டன. ரத்தத்தை எடுப்பது காசு புடுங்கவா என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில். அவரை வைத்துச் சோதனை பண்ணவும் இல்லை. அங்கே குடிமகனுக்கு என்ன முறையோ, அதே முறையைத்தான் அவருக்கும் செய்தார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஹாங்காங்கில் 2008-லேயே சோதனையைக் கொண்டுவந்தார்கள். கார்பமாஸெபினால் நோய் வருவது நின்றது. ஆனால் பல டாக்டர்கள் சோதனைக்குக் காத்திருக்காமல் பெனிடாயின் போன்ற வேறு வலிப்பு மாத்திரைகளுக்குப் போய்விட்டார்கள். அவற்றாலும் சிலருக்கு அதே நோய் வரும். ஆகவே மொத்த எண்ணிக்கை எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. மிஷினும் கம்ப்யூட்டரும் இருந்தால் மட்டும் போதாது. மனிதர் அதைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

செக்ரோலில் பெயர் இருக்கிறதா?

செக்ரோலில் பெயர் இல்லாதவனுக்குச் சம்பளம் இல்லை என்பது நமக்குத் தெரியும். உடம்பின் எழுத்துக்களைப் பற்றிய பதிவேட்டிலும் அதே கதைதான். 2009-ல் கணக்கெடுத்தபோது, உலகத்தில் நடந்த இப்படிப்பட்ட பெரிய ஆராய்ச்சிகளில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 96 பேர் ஐரோப்பிய வம்சத்தவர். 2016-லும் நூற்றுக்கு 80-க்கு மேல் அவர்களே. வெள்ளைக்காரர் ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த 1502 கண்ணில் பட்டே இருக்காது. ஏனென்றால் அவர்களிடம் அது மிக அபூர்வம்.

சிங்கப்பூர் விஞ்ஞானிகள் 2019-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் 4,810 பேரின் முழு ஏட்டையும் படித்தார்கள். 2,780 சீனர், 903 மலாய்க்காரர், 1,127 இந்தியர். அதில் கண்ட எழுத்து வேற்றுமைகளில் பாதிக்கு மேல் உலகம் அதுவரை பார்த்திராதவை. பிறகு ஒரு லட்சம் பேர் என்ற இலக்கோடு அடுத்த கட்டத்தைத் தொடங்கினார்கள். நம் இனத்தவர் அந்தப் பதிவேட்டில் இருந்தால்தான், நாளை நமக்கு ஒத்துவராத மருந்து எது என்று டாக்டருக்குத் தெரியும்.

அதற்காக, கேட்டவர்களுக்கெல்லாம் கையை நீட்டி ரத்தம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்தியத்துக்கு எடுக்கும் ரத்தம் வேறு, ஆராய்ச்சிக்கு எடுக்கும் ரத்தம் வேறு. ஆராய்ச்சிக்கு என்றால் உங்கள் சம்மதம் வேண்டும். புரிகிற பாஷையில் விளக்கச் சொல்லிக் கேட்டு, மனம் ஒப்பினால் கையெழுத்துப் போடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்காக வைத்தியம் நிற்கக் கூடாது. விவரங்களைப் பூட்டி வைக்கவும் வேண்டும். 2018-ல் சிங்கப்பூரின் பெரிய மருத்துவக் குழுமம் ஒன்றின் கம்ப்யூட்டரில் புகுந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களைத் திருடிவிட்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த எழுத்துச் சோதனை முடிவுகளைக் காப்புறுதிக் கம்பெனிகள் கேட்கக் கூடாது என்று, சில விதிவிலக்குகளோடு, 2021-ல் அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். அது காப்புறுதிக்கு மட்டும். வேலை கொடுப்பவர் இப்படி ஒரு முடிவைக் கேட்டால், கொடுப்பதற்கு முன் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மானியம் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். ஆனால் சிங்கப்பூரில் வேலைப் பெர்மிட்டில் இருப்பவரின் வைத்தியச் செலவுக்கு முதலாளி பொறுப்பு என்பது பெர்மிட்டின் நிபந்தனை. ‘ரத்தச் சோதனைக்கு உன் பணத்தைக் கட்டு’ என்று சூப்பர்வைசர் சொன்னால் உடனே பணத்தை எடுத்துவிட வேண்டாம். பில்லை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மாமாவின் கேள்வி

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். மாமாவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

ஒன்று, அவருக்கு அந்தக் குறி இல்லாமல் இருக்கலாம். அல்லது, குறி இருந்தும் நோய் வராதவர்களில் ஒருவராக இருக்கலாம். எப்படியானாலும் ஐந்து வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. இந்த நோய் முதல் சில மாதத்தில் வருவது என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே அவருக்கு இனி இதனால் ஆபத்து மிகக் குறைவு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மாமா மாத்திரையை நிறுத்தக் கூடாது! வலிப்புக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்டால் போதும்.

மாமாவின் மாத்திரை மாமாவுக்குத்தான். நம் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. ‘எனக்கு இது நல்லா கேட்டுச்சு, நீயும் ரெண்டு போட்டுப் பாரு’ என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது. அன்பினால் செய்கிறோம். ஆனால் ஒருவர் உடம்பைக் காப்பாற்றும் மாத்திரை இன்னொருவர் தோலை உரித்துவிடலாம் என்பதை இப்போது தெரிந்துகொண்டோம்.

வெட்டி எடுத்து வீட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்

1. வலிப்புக்கோ, முக நரம்பு வலிக்கோ புதிதாக மாத்திரை எழுதினால், “இது கார்பமாஸெபினா? 1502 ரத்தச் சோதனை செய்ய வேண்டுமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

2. குறி இல்லை என்று வந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. ஏ-3101 என்று வேறொரு குறியும் சிலருக்குத் தொல்லை தரும். ஆகவே முதல் மூன்று மாதம் கவனமாக இருங்கள்.

3. புது மாத்திரை தொடங்கிய பின் காய்ச்சலோடு கண் சிவப்பு, வாய்ப்புண், தோலில் திட்டு, கொப்புளம் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரட்டு முடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

4. அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி வீட்டிலேயே படுக்க வைக்காதீர்கள். புது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள்.

5. சோதனையில் குறி இருப்பதாக வந்தால், மருந்தின் பெயரையும் ‘1502’ என்ற எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி, அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2011 முதல் தேசிய மின்னியல் மருத்துவப் பதிவேடு இருக்கிறது. ஆனால் அங்கே ஏறிய விவரம் நம் தோட்டத்து டிரெஸருக்கும் டவுன் கிளினிக்குக்கும் தெரியாது. பாலம் தாண்டி வருவது உங்கள் பையில் உள்ள சீட்டுத்தான்.

6. கூடப் பிறந்தவர்களிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். ஒருவருக்குக் குறி இருந்தால், கூடப் பிறந்தவருக்கு அது இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

7. ‘வெள்ளை மாத்திரை, வட்டமா இருக்கும்’ என்று சொல்வதை விடுவோம். மாத்திரையின் பெயரைப் பிள்ளைகளைக் கொண்டாவது எழுதி வையுங்கள்.

தோழர்களே, இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது தம்பி கூப்பிட்டார். சோதனை முடிவு வந்துவிட்டதாம். அவருக்குக் குறி இருக்கிறது. நூறு இந்தியரில் சிலருக்கே இருக்கும் என்ற அந்தச் சிலரில் அவர் ஒருவர். இப்போது சாப்பிடும் மாத்திரையையே தொடரச் சொல்லிவிட்டார்கள். இதுவரை வலிப்பு வரவில்லை. சீட்டு எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கிறார். தங்கச்சிக்கும் சொல்லியாயிற்று.

“அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“மொதல்ல ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலண்ணே. அப்புறம், அன்னைக்கே அந்த மாத்திரையக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு அழுதுட்டாங்க. இப்ப மாமாவோட மாத்திரை அட்டையப் பாத்து, பேரக் காலண்டர்ல எழுதி வச்சிருக்காங்களாம்.”

உங்கள் வீட்டுக் காலண்டரிலும் இன்றைக்கே எழுதுங்கள்.